எங்க நின்னு எடுத்தீங்க?

தமிழ்ப் புகைப்படக்காரர்கள் மத்தியில் ஒரு படத்தைக் காலிபண்ண மூன்று சொற்கள் போதும்: "டிஸ்டார்ஷன் அதிகமா இருக்கு." படத்தில் யார் நிற்கிறார், என்ன நடக்கிறது, எதற்காக எடுத்தது என்று எதையும் பேச வேண்டியதில்லை. ஓரத்தில் ஒரு விளக்குக்கம்பம் வளைந்திருக்கிறதா? தீர்ப்பு எழுதியாயிற்று. கொஞ்சம் கருணையுள்ளவர்கள் "சாஃப்ட்வேர்ல நிமித்திடலாமே" என்பார்கள். இன்னும் கருணையுள்ளவர்கள் "ஒண்ணு ரெண்டு படத்துக்கு ஓகே, அதுக்கு மேல போரடிச்சிரும்" என்று தோளில் தட்டுவார்கள்.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம், சனி ஞாயிறு கேமரா. நாலு வருஷமாக அந்தக் கேமராவில் பெரும்பாலும் மாட்டியிருப்பது ஒரு 8 மி.மீ. மீன்கண் லென்ஸ். ஃபிஷ்ஐ என்று சொன்னால்தான் கடைக்காரருக்குப் புரியும். ஆட்டோஃபோகஸ் கிடையாது, எல்லாம் கையால் திருகும் வளையம்தான். மூலைக்கு மூலை 180 டிகிரி பார்க்கும். முன்கண்ணாடி பெரிய கோலிக்குண்டு மாதிரி வெளியே பிதுங்கி நிற்கும், ஃபில்டர் மாட்ட முடியாது.

இந்த லென்ஸுக்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. அந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது: நேர்கோடு உண்மை, வளைவு பொய். என் சண்டை அதோடுதான். அந்த நம்பிக்கை தப்பு. சிலருக்கு அது ரொம்ப வசதியான தப்பும்கூட.

*

முதலில் கணக்கைத் தீர்த்துவிடலாம்.

நம்மைச் சுற்றி உலகம் ஒரு கோளம் மாதிரி விரிந்திருக்கிறது. கேமராவுக்குள் இருக்கும் சென்சாரோ ஒரு தட்டையான செவ்வகம். கோளத்தைத் தட்டையில் விரிக்கும்போது ஏதாவது ஒன்று கெட்டே ஆகவேண்டும். ஆரஞ்சுத் தோலைக் கிழிக்காமல் மேஜையில் படிய வைக்க முடியுமா? பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய உலகப்படத்தை நினைத்துப் பாருங்கள். அதில் கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா சைஸுக்கு இருக்கும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு பெரியது. அந்த மேப்பில் கோடெல்லாம் நேராகத்தான் இருந்தது.

சாதாரண அகலக்கோண லென்ஸ் செய்வதும் இதே வேலைதான். நேர்கோட்டை நேராக வைக்கும், அதற்கான விலையை ஓரங்களில் வசூலிக்கும். நடுவிலிருந்து 45 டிகிரி தள்ளியிருக்கும் ஒரு பொருள், வெளிநோக்கிய திசையில் இரண்டு மடங்கு இழுபடும். 60 டிகிரி தள்ளினால் நாலு மடங்கு. 90 டிகிரியில் கணக்கு முடிவிலிக்குப் போய்விடும், அதாவது 180 டிகிரியை நேர்கோட்டு லென்ஸால் காட்டவே முடியாது. கல்யாண குரூப் போட்டோவில் ஓரமாக நின்ற சித்தப்பா ஏன் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறார் என்று கேட்டிருப்பீர்கள். அவர் வெயிட் போடவில்லை. மேடையின் விளிம்பு நேராக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் முகத்தைப் பலி கொடுத்திருக்கிறார்கள்.

மீன்கண் லென்ஸ் வேறு பேரம் பேசுகிறது. ஓரத்தில் இருப்பதையும் ஏறக்குறைய அதன் அளவிலேயே வைத்துக்கொள்கிறேன், பதிலுக்குக் கோடுகளை வளைத்துக்கொள்கிறேன் என்கிறது. அதிலும் எல்லாக் கோடும் வளையாது. படத்தின் மையத்தின் வழியாகப் போகும் கோடு எதுவானாலும் நேராகவே இருக்கும். தொடுவானத்தை நடுவில் வைத்தால் அது தட்டையாகக் கிடக்கும். கொஞ்சம் மேலே ஏற்றினால் வில்லாக வளையும், கீழே இறக்கினால் தொட்டிலாகும். ஒரு மாதம் கையில் வைத்திருந்தால் வளைவை எங்கே வைப்பது, எங்கே ஒளிப்பது என்று விரல் கற்றுக்கொள்ளும்.

"ஆனா கண்ணுக்கு அப்படித் தெரியலையே?" என்று கேட்பீர்கள். ஒரு நீண்ட மதில்சுவருக்கு எதிரே, அதன் நடுவில் போய் நில்லுங்கள். இடப்பக்கம் பாருங்கள், சுவரின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் தூரம் போகப்போக நெருங்கும். வலப்பக்கம் பாருங்கள், அங்கேயும் நெருங்கும். நேர் எதிரே அகலமாக இருக்கும். இரண்டு முனையிலும் குறுகி நடுவில் அகலமாக இருக்கும் ஒரு வடிவத்தை ரெண்டே ரெண்டு நேர்கோட்டால் வரைந்து காட்டுங்கள், பார்க்கலாம். முடியாது. நாம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதால் அந்த வளைவு நமக்குப் புலப்படுவதில்லை, அவ்வளவுதான்.

ஆக, இரண்டு லென்ஸும் ஏதோ ஒன்றைக் கெடுக்கின்றன. ஒன்று செய்வது பார்த்தவுடனே தெரிகிறது, இன்னொன்று செய்வது தெரிவதில்லை. ஃபிளாட் விற்பனை விளம்பரங்களைப் பாருங்கள். பத்துக்குப் பத்து பெட்ரூம் கல்யாண மண்டபம் மாதிரி விரிந்திருக்கும். சுவரெல்லாம் ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல நேர். அந்தப் படத்தை நம்பி இருபது வருஷ ஹோம்லோன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை யாரும் டிஸ்டார்ஷன் என்று சொல்வதில்லை.

*

"ஃபிஷ்ஐ ஒரு கிமிக்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. கிமிக் என்றால் கவனத்தை ஈர்க்கச் செய்யும் வித்தை. இந்த லென்ஸின் சரித்திரம் தெரிந்தவர்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள்.

1906-இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர், தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு உலகம் எப்படித் தெரியும் என்று யோசித்தார். தண்ணீரில் நுழையும் ஒளி மடங்குவதால், கரையில் இருக்கும் 180 டிகிரி உலகமும் மீனுக்கு ஏறக்குறைய 97 டிகிரி வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். அதைப் படம்பிடிக்கத் தண்ணீர் நிரப்பிய ஊசித்துளைக் கேமரா ஒன்றைச் செய்தார். 'மீன்கண்' என்ற பேர் அவர் வைத்தது. 1924-இல் ராபின் ஹில் என்ற ஆங்கிலேயர் முழு வானத்தையும் ஒரே தட்டில் பதிக்கும் லென்ஸ் ஒன்றைப் பற்றி எழுதினார். மேகங்களை ஆராய்வதற்காக. தாவரங்களின் ஒளிச்சேர்க்கையைப் படித்தவர்களுக்கு 'ஹில் வினை' நினைவிருக்கலாம், அதே ஹில்தான். காட்டில் மரக்கூரையின் வழியே எவ்வளவு வெளிச்சம் தரைக்கு இறங்குகிறது என்று அளக்க, சூழலியலாளர்கள் இன்றைக்கும் மீன்கண் லென்ஸை வானம் பார்க்க வைத்துப் படமெடுக்கிறார்கள்.

ஆக, பிறந்ததிலிருந்து இது ஓர் அளவுகோல். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்ற இடத்தில் பயன்பட்ட கருவி. சாதாரண கேமராவில் மாட்டுகிற மாதிரி நிக்கான் 8 மி.மீ. மீன்கண்ணைக் கொண்டுவந்தது 1962-இல். 1965-இல் பைர்ட்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தின் அட்டையிலும், 1967-இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் முதல் ஆல்பத்துடைய அமெரிக்க அட்டையிலும் அந்த வளைவு வந்தது. ஃபேஷன் ஆனது அதற்கப்புறம். அளவெடுக்கப் பிறந்த ஒன்றை ஆல்பம் அட்டையில் பார்த்துவிட்டு, இது வித்தை காட்டப் பிறந்தது என்கிறோம். தராசைத் திருவிழாக் கடையில் பார்த்தவன் அதைப் பொம்மை என்று சொன்ன கதை.

*

இனி இந்த லென்ஸோடு தெருவில் நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

முதல் விஷயம், எடுப்பவர் ஒளிய முடியாது. உங்கள் செருப்பு முனை, உங்கள் நிழல், காற்றில் ஆடும் கேமரா வார், எல்லாம் சட்டகத்துக்குள் வரப் பார்க்கும். பகலில் எங்கே திருப்பினாலும் சூரியன் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். இரண்டாவது, தூரத்தில் நின்றால் ஒன்றும் கிடைக்காது. பத்தடி தள்ளியிருக்கும் ஆள் இதில் ஒரு மிளகாய் விதை. ஒருவரை இந்த லென்ஸில் எடுக்க வேண்டுமென்றால் ஒரு முழம், ஒன்றரை முழம் தூரத்துக்குப் போகவேண்டும். அவர் போட்டிருக்கும் பவுடர் வாசனை உங்களுக்கு வரும், உங்கள் வியர்வை அவருக்கு வரும். அந்தத் தூரத்தில் பேசாமல் இருக்க முடியாது.

திருவல்லிக்கேணியில் ஒரு டீக்கடை. ஆறடி அகலம் இருக்கும். மாஸ்டர் லென்ஸைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன தம்பி, சோடா பாட்டில் குண்டு மாதிரி இருக்கு?"

"இதுல கடை முழுக்க வரும்ண்ணே."

"கல்லாவும் வருமா?"

"வரும்ண்ணே."

"அப்ப மொதலாளியும் வந்துருவாரு. இருங்க, அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

முதலாளி "எங்க போடுவீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "கடைப் பேரு தெரியுதா பாருங்க" என்றார். அப்புறம்தான் படம். அதில் பாய்லர் இருக்கிறது, கண்ணாடிப் பாட்டிலில் பட்டர் பிஸ்கட் இருக்கிறது, தொங்கும் பன் பாக்கெட், சாமி படம், அதற்குக் கீழே ஜிபே ஸ்கேன் அட்டை, பெஞ்சில் ஒருவர் பேப்பரில் வடையை அழுத்தி எண்ணெய் எடுத்துக்கொண்டிருக்கிறார், வாசலில் தண்ணீர் கேன் இறங்குகிறது, எதிர்வீட்டு மாடியில் ஒரு பாட்டி வேடிக்கை பார்க்கிறார். மாஸ்டரின் கை டீயை ஆற்றியபடி என் லென்ஸுக்கு முன்னால் நிற்கிறது. 50 மி.மீ. லென்ஸ் வைத்திருந்தால் இவற்றில் ஒன்றைத்தான் எடுத்திருப்பேன். அநேகமாக மாஸ்டரின் முகம், பின்னால் ஆவி, கறுப்பு வெள்ளை. "உழைப்பு" என்று தலைப்பும் வைத்திருக்கலாம்.

மூன்றாவது விஷயம்தான் முக்கியமானது. இந்த லென்ஸால் எதையும் மங்கலாக்க முடியாது. எஃப் 8-இல் வைத்து, வளையத்தை நாற்பது சென்டிமீட்டரில் திருகி விட்டால், சுமார் இருபது சென்டிமீட்டரிலிருந்து வானம் வரை எல்லாம் துல்லியமாக விழும். பின்னணி என்ற ஒன்றே இதில் இல்லை. பின்னால் நிற்பவருக்கும் முன்னால் நிற்பவருக்கும் ஒரே கூர்மைதான். நம் ஆட்கள் உயிரை விடுகிற பொக்கே இருக்கிறதே, அந்த வெண்ணெய் மாதிரி உருகும் பின்னணி, அது என்ன? அழகான அழிரப்பர். ஒரு மனிதரை அவர் தெருவிலிருந்து, அவரைச் சுற்றி நிற்பவர்களிடமிருந்து, எடுப்பவரிடமிருந்தும் பிரித்தெடுக்கிற கருவி.

*

இப்போது அந்த வசதிக்கு வருகிறேன்.

குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போயிருக்கிறீர்களா? முத்தாரம்மனுக்கு விரதமிருந்து, காளியாக, குறவனாக, குரங்காக, போலீஸாக வேஷம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிவந்து செலுத்துகிறவர்கள் ஒருபக்கம். அவர்களைச் சுடுவதற்காகவே கார் வைத்துக்கொண்டு வரும் கேமராக்காரர்கள் இன்னொரு பக்கம். சித்திரையில் கூவாகம். தாலியறுத்து அழும் திருநங்கைகளைச் சுற்றி அதே கேமராக்கள். பெரும்பாலானவர்கள் கையில் 70-200. இருபதடி, முப்பதடி தள்ளி நின்று, அழும் முகத்தை மட்டும் சட்டகம் நிறைய இழுத்துக்கொள்ளலாம். முகத்தில் கண்ணீர், பின்னால் குழைந்த வண்ணங்கள். தலைப்பு: வலி, தனிமை, நம்பிக்கை. போட்டிகளில் பரிசு வாங்கும் படங்கள் எவ்வளவு இந்த ஜாதி என்று எண்ணிப் பாருங்கள்.

அதிலும் அந்தத் 'தனிமை' இருக்கிறதே, அது பச்சைப் பொய். அந்தப் பெண்ணைச் சுற்றி முப்பது கேமரா நிற்கிறது. அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு லென்ஸ். 200 மி.மீ. அந்த முப்பது பேரையும் துடைத்துவிட்டு, உலகமே கைவிட்ட முகம் ஒன்றை நமக்குத் தயாரித்துக் கொடுக்கிறது. இதில் ஒரு கோடுகூட வளையவில்லை. ஆகவே இது 'நேச்சுரல்'. கேண்டிட். ஜட்ஜ் மார்க் போடுவார்.

குலசையில் நான் எடுத்த ஒரு படம் உண்டு. காளி வேஷம் கட்டிய ஒரு அண்ணன், காணிக்கைத் தட்டை என் முன்னால் நீட்டுகிறார். காசு போட்டுவிட்டு, "எடுத்துக்கவாண்ணே?" என்று கேட்டேன். "எடும், எடும்" என்றார். அவர் நெற்றியும் தட்டும் முன்னால். அவருக்குப் பின்னால், படத்தின் விளிம்பை ஒட்டி, வில் மாதிரி வளைந்து நிற்கிறார்கள் பதினோரு புகைப்படக்காரர்கள். ஒவ்வொருவர் கண்ணும் கேமராவுக்குள். ஒருத்தர்கூட அவரை நேராகப் பார்க்கவில்லை. கீழே என் நிழல்.

ஒரு கிளப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் இதைக் காட்டினேன். நடுவராக வந்தவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "எட்ஜ்ல ரொம்ப கிளட்டர். அதைக் க்ராப் பண்ணிட்டு, வளைவை நிமித்திட்டீங்கன்னா, சென்டர் ஃபேஸ் நல்லா நிக்கும்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அவர் சொன்னது என்ன? அந்தப் பதினோரு பேரையும் எடுத்துவிடு என்றார். நாம் அங்கே இருந்தோம் என்ற சாட்சியத்தை அழித்துவிடு என்றார். மீன்கண் படத்தை மென்பொருளில் நிமிர்த்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் பிய்ந்து இழுபட்டு, வெட்டுக்குப் போவது ஓரங்கள்தான். வேடிக்கை பார்த்தவர்கள் நின்றது அங்கேதான்.

நேர்கோட்டு வாதம் யாருக்கு வசதி என்று நான் கேட்டது இதற்காகத்தான். பார்த்தவர் எங்கே நின்றார் என்ற கேள்வியே எழாத படத்தை அது 'இயல்பு' ஆக்குகிறது. அந்தக் கேள்வி எழும் படத்தை 'கிமிக்' ஆக்குகிறது.

*

என் பக்கத்து ஆட்களையும் விட்டுவிடப் போவதில்லை.

மீன்கண் லென்ஸை வாங்கியதும் கிராமத்துக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் மூக்குக்கு முன்னால் நீட்டி, உருளைக்கிழங்கு மூக்கோடு ஒரு படம் எடுத்து ரீல்ஸில் சிரிப்புப் பாட்டோடு போடுகிறார்கள் பாருங்கள், அவர்களுக்கு அந்த 70-200 ஆட்களே தேவலாம். 1997-இல் மிஸ்ஸி எலியட் தன் முதல் பாட்டு வீடியோவில் கறுப்புப் பலூன் மாதிரி ஊதிய உடையோடு மீன்கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார். தன் உடம்பை எப்படிக் காட்டுவது என்று அவர் எடுத்த முடிவு அது. திண்ணைத் தாத்தா அப்படி எந்த முடிவும் எடுக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். மையத்தில் இருக்கும் முகத்தில் மூக்கு பெரிதாவதற்குக் காரணம் லென்ஸின் வளைவு இல்லை, தூரம். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கண்ணைக் கொண்டுபோனால், மூக்கு காதைவிட ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் பெரிதாகத் தெரிகிறது. எந்த லென்ஸானாலும் அதே ஒரு சாணில் அதே விகிதம்தான் வரும். அந்த மூக்கு ஒரு வாக்குமூலம்: எடுத்தவன் இவ்வளவு பக்கத்தில் இருந்தான். பக்கத்தில் போனவன் அனுமதியோடு போனானா, கேலி செய்யப் போனானா என்பதை லென்ஸ் சொல்லாது. எடுக்கப்பட்டவரின் கண்கள் பெரும்பாலும் சொல்லிவிடும்.

இன்னொரு ஆட்சேபமும் வரும். மீன்கண்தான் நேர்மையென்றால், கடையின், ஆபீஸின் கூரையில் கறுப்பு அரைக்கோளமாகத் தொங்கும் கேமராவும் நேர்மையா? அவற்றில் பலவும் மீன்கண்தானே? சரியான கேள்வி. அங்கே எல்லாம் தெரிகிறது, ஆனால் யாரும் நிற்கவில்லை. செருப்பு முனை இல்லை, நிழல் இல்லை, "எங்க போடுவீங்க?" என்று கேட்க எதிரே ஆள் இல்லை. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் ஹால் என்ற கணினி மனிதர்களைப் பார்ப்பதைக் குப்ரிக் மீன்கண் பார்வையில்தான் காட்டினார். உடம்பில்லாத பார்வை எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆகவே வளைந்த கண்ணாடிக்கு மட்டும் தனியாக ஒரு புண்ணியமும் இல்லை. எடுத்தவரும் படத்துக்குள் மாட்டிக்கொள்கிறாரா என்பதுதான் கேள்வி. தெருவில் நின்று கையில் பிடிக்கும்போது இந்த லென்ஸ் அவரை மாட்டிவிடுகிறது. கூரையில் அறைந்தால் அந்தக் குணம் போய்விடுகிறது.

"அப்ப எல்லாரும் டெலியைத் தூக்கிப் போட்டுடணுமா?" வேண்டாம். பள்ளிக்கரணையில் பூநாரை எடுப்பவர் 600 மி.மீ. வைத்துக்கொள்ளட்டும். அங்கே தூரம் பறவைக்குச் செய்யும் மரியாதை, கிட்டே போனால் அது பறந்துவிடும். நாம் படமெடுக்கும் மனிதர்களில் பலருக்கு அப்படிப் பறந்துபோகிற வசதி இல்லை. அவர்களிடம் போய்ப் பேச முடியும், அவர்களால் "வேணாம்" என்று சொல்லவும் முடியும். அந்த "வேணாம்" காதில் விழாத தூரத்தில் நிற்பதற்காகத்தான் பலர் நீள லென்ஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைக் கூச்சம் என்கிறார்கள், இயல்பு கெடாமல் எடுக்கும் கலை என்கிறார்கள். எதிரில் இருப்பவருக்கு மறுக்கும் உரிமை கொடுக்காததற்கு இவ்வளவு நாசூக்கான பேர்கள் தேவையில்லை.

புகைப்படப் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. உங்கள் விண்ணப்பத்தில் கேமரா, லென்ஸ், ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ என்று ஐந்து கட்டம் வைத்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே இன்னும் இரண்டு கட்டம் சேருங்கள். எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தீர்கள்? எடுத்தது அவருக்குத் தெரியுமா? மனிதர்களை எடுத்தவர்கள் எல்லாரும் நிரப்பட்டும், வளைந்த படமானாலும் நேரான படமானாலும். அடுத்த வருஷம் கண்காட்சிச் சுவரில் எத்தனை அழுமுகங்கள் மிச்சமிருக்கின்றன என்று எண்ணிவிட்டு, டிஸ்டார்ஷன் பற்றி அப்புறம் பேசுவோம்.